ஜோடியில் ஒரு கட்டை

டிரில் டீச்சர் போய்விட்டார் என்று நம் ஸ்கூல் குரூப்பில் செய்தி வந்தபோது நான் ஷார்ஜா டிராஃபிக்கில் நின்றிருந்தேன். எல்லாரும் கைகூப்பிய படம் போட்டிருந்தீர்கள். நானும் ஒன்று போட்டேன்.

மூணாம் பெல், கஞ்சிக்கு வரிசை, வேலந்தாவளம் பஸ்... இதெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டாஃப் ரூம் சுவரில் டீச்சர் வெட்டி ஒட்டியிருந்த பியாங்கா பனோவாவையும் மறந்திருக்க மாட்டீர்கள். பல்கேரியாக்காரி, நம்மைவிட ரெண்டு மூணு வயசுதான் கூட. 1987இல் வர்ணாவில் நடந்த, கட்டை, ரிப்பன் எல்லாம் வீசி ஆடுகிற ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் உலகப் போட்டியில் ஐந்து தங்கத்தையும் அள்ளியவர். எல்லாம் பத்துக்குப் பத்து. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் டீச்சர் நம் கையில் கர்லாக்கட்டையைக் கொடுத்தார். பனோவா வீசியது 150 கிராம் கட்டை என்பது என் மகள் இங்கே வகுப்பில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. நம்முடையது ஊர்த் தச்சர் கடைந்த வேப்பமரம்!

ஆண்டுவிழா அன்று நான் மேலே எறிந்த கட்டை கைக்கு வராமல் ஸ்கூல் மேனேஜர் காலடிக்கு உருண்டது. மேடை ஓரத்திலிருந்து டீச்சர் போட்ட சத்தம் மைக்கில் கேட்டது: "கையாடி அது, வெறகா?" எல்லாரும் சிரித்தீர்கள். அப்புறம் மாதக்கணக்கில் என் பெயரே விறகு.

1988 செப்டம்பரில் சியோல் ஒலிம்பிக்ஸ். தகுதிச் சுற்றிலேயே பனோவா கட்டையை நழுவ விட்டார். அந்த மதிப்பெண்ணும் இறுதிக்கணக்கில் சேரும், ஈடுகட்ட வழியில்லை. சோவியத்தின் மரினா லோபாச் முழுசாக 60 வாங்கினார். பனோவாவுக்கு நாலாவது இடம். மறுவருஷத்தோடு போட்டிகளை விட்டு, பிறகு பயிற்சியாளரானார்.

டீச்சர் படத்தைக் கழற்றவில்லை. என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு, ஜோடியில் ஒரு கட்டையை மட்டும் நீட்டினார். "வீட்டுல போட்டுப் பழகு, கண்ணு." ஆண்டுவிழாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை.

கொஞ்ச நாள் பழகினேன். பிறகு பொள்ளாச்சியில் காலேஜ், கல்யாணம், ஷார்ஜா. லீவுக்கு வரும்போதெல்லாம் கோயம்புத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து டாக்சி டீச்சர் வீட்டைத் தாண்டித்தான் போகும். ஒருமுறை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "திரும்பி வரும்போது நிறுத்துங்க" என்றேன் டிரைவரிடம். திரும்பும்போது விடிகாலை ஃபிளைட்.

கட்டை இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறது. ஆடிக் காற்றில் பின்கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.