செருப்பு கழன்றது தெரியவில்லை

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தபோது, பூ விற்கும் அம்மா ஒருவர் "சார், உங்க செருப்பு ஒண்ணு அங்கேயே கிடக்கு" என்று கூப்பிட்டார். குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்கால். பத்தடியாவது அப்படியே நடந்திருக்கிறேன். மே மாதத்துத் தார்ச்சாலை சுட்டது கூட உறைக்கவில்லை.

அதற்கு முன்பே ஒரு வருடமாகப் பாதத்தில் எரிச்சல் இருந்தது. பகலில் பரவாயில்லை. ராத்திரி படுத்தால் மிளகாய் அரைத்துப் பூசியது மாதிரி எரியும், போர்வை பட்டாலே சுருக்கென்னும். மனைவி நல்லெண்ணெய் தேய்த்துப் பார்த்தாள். எலும்பு டாக்டர் ஒருவர் முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், எடுத்தேன். பதினான்கு வருடச் சர்க்கரை என்று சொல்லியும், செருப்பைக் கழற்றுங்கள் என்று அவர் சொல்லவே இல்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

செருப்பு விஷயத்துக்கு அப்புறம்தான் சர்க்கரை டாக்டரிடம் போனேன். சர்க்கரையால் கால் நரம்பு கெட்டு உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணை மூடச் சொன்னார்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் தொடுவார்கள், தெரிந்தால் "ஆமாம்" சொல்ல வேண்டும். இழை வளையும்போது விழுவது 10 கிராம் அழுத்தம்தான். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நான் பேசாமல் படுத்திருந்தேன். "முடிஞ்சுது சார், எழுந்திருங்க" என்றார் நர்ஸ்.

அடுத்தது பயோதீசியோமீட்டர். கட்டைவிரலில் ஒரு முனையை வைத்து அதிர்வைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எத்தனை வோல்ட்டில் தெரிகிறது என்பதுதான் கணக்கு. 15க்குள் இருந்தால் நல்லது, 25ஐத் தாண்டினால் காலில் புண் வரும் ஆபத்து அதிகம். எனக்கு இடது 32, வலது 27. ரத்தத்தில் பி12 வைட்டமினும் குறைவு. மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால் இப்படிக் குறையலாமாம். அதுவும் கால் மரத்துப்போக ஒரு காரணம் என்று ஊசி போட்டார்கள்.

சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 9.4 சதவீதம். பட்டினி கிடந்தாவது ஒரே மாதத்தில் இறக்கிவிடுகிறேன் என்றேன். டாக்டர் தடுத்தார். ரொம்ப நாள் ஏறியிருந்த சர்க்கரை மளமளவென்று இறங்கினாலும் நரம்பு வலி கூடுமாம்.

ராத்திரிக்கு பிரிகாபாலின் என்ற நரம்பு வலி மாத்திரை கொடுத்தார். முதல் வாரம் காலையில் தலை சுற்றியது, வண்டி எடுக்கவில்லை. போகப் போக எரிச்சல் பாதியாகி, தூக்கம் வந்தது. ஆனால் மாத்திரை வலியைத்தான் அடக்கும், போன உணர்ச்சியைத் திருப்பித் தராது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அதனால் இப்போது பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்புதான், வீட்டுக்குள்ளும். பார்க்க நன்றாக இருக்காது, சரி. வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காலில் ஊற்றுகிறேன். கபாலீஸ்வரர் கோவிலுக்குப் போவது கல்தரை ஆறிய பிறகு. ராத்திரி கைக்கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். கண்ணுக்குத் தப்புவதை மனைவி பார்த்துச் சொல்வாள்.

போன வாரம் வெளியே கிளம்பும்போது செருப்பைத் தட்டினேன், ஒரு ஸ்டேப்ளர் பின் விழுந்தது. காலை முழுக்க அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வீட்டில் நடந்திருந்தேன்.