உப்புக் காற்றில் ஒரு பட்டறை: தங்கச்சிமடம் நாட்குறிப்பு

ஜூன் 14, 2025, சனி

வீட்டை ஒட்டிய கார் ஷெட்டைப் பட்டறையாக மாற்றும் வேலை இன்று தொடங்கியது. மீன்பிடித் தடைக்காலம் இன்றோடு முடிகிறது. நாளையிலிருந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும் என்பதால் ஊரில் உள்ள மெக்கானிக், வெல்டர் எல்லாரும் கரையில்தான் கிடக்கிறார்கள். யாரையும் கூப்பிட முடியாது. சரி, பழையதைப் பிரிக்கும் வேலையையாவது முடிப்போம் என்று நானும் மகளும் இறங்கினோம்.

ஷெட்டில் இருந்தது ஒரு ட்யூப்லைட், ஒரு பிளக் பாயிண்ட். சுவிட்ச் போர்டைக் கழற்றினால் உள்ளே பித்தளை டெர்மினல் எல்லாம் பச்சைக் களிம்பு. திருகுகளுக்குத் தலையே இல்லை, துருவாக உதிர்ந்துவிட்டது. ஒயரின் முனையைச் சீவினால் செம்பு கறுத்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் சீவினாலும் கறுப்புதான். ரப்பர் உறைக்கு அடியில் அவ்வளவு தூரம் ஈரம் ஏறியிருக்கிறது.

ஒயர் உறையில் கரண்ட் கசிகிறதா என்று அளக்கும் மெகரை வயர்மேன் அண்ணனிடம் வாங்கி வந்து மகள் அளந்தாள். அவள் டிப்ளமோவில் எலெக்ட்ரிக்கல் படிக்கிறாள். 500 வோல்ட் கொடுத்துப் பார்த்தால் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். காட்டவில்லை. "அப்பா, ஒட்டுப் போடாதீங்க. மொத்தத்தையும் உருவிடுவோம்" என்றாள். உருவிவிட்டோம்.

ஜூன் 22, ஞாயிறு

கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, விடாமல் அடிக்கிறது. காலையில் துடைத்து வைத்த வைஸின் மேல் மாலையில் விரலை வைத்தால் பிசுபிசுக்கிறது.

எங்கள் ராமேஸ்வரம் தீவில் காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புதான். கச்சான் மன்னார் வளைகுடாப் பக்கத்திலிருந்து கொண்டுவரும், ஐப்பசி பிறந்தால் வாடை பாக் நீரிணைப் பக்கத்திலிருந்து கொண்டுவரும். வெளியூர்க்காரர்கள் மழை, ஈரம் என்று பயப்படுவார்கள். இங்கே மழையே வேண்டாம். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதாவது இரும்பின் மேல் படிந்த கடல் உப்பு நம் ஊரில் பட்டப்பகலில்கூடக் காய்வதில்லை. அந்த ஈரம் மின்சாரத்தையும் கடத்தும், இரும்பையும் தின்னும்.

ஆகவே இந்தப் பட்டறையில் வாங்கும் ஒவ்வொரு பொருளிடமும் முதலில் கேட்க வேண்டியது, உப்பை எங்கே தங்க விடுவாய் என்பதுதான். விலையை அப்புறம் கேட்கலாம்.

ஜூலை 6, ஞாயிறு

எர்த் குழி தோண்டினோம். எனக்கு இந்த வேலையில் மிகவும் முக்கியமானது இதுதான் என்பதால் அவசரப்படவில்லை.

வயர்மேன் அண்ணன் வழக்கம்போல ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), கரி, உப்பு என்றார். சீமைக்கருவேலக் கரிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை, மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். "தம்பி, உப்பு கொட்டலைன்னா எர்த் பிடிக்காது" என்றார். மகள் மெதுவாக, "மாமா, இங்க மண்ணே உப்புதானே. மேல வேற கொட்டினா பைப்பைத்தானே தின்னும்?" என்று கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் குழியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, பாம்பனில் ஒரு வீட்டில் எர்த் பைப்பைத் தோண்டி எடுத்தபோது பாதி இல்லாமல் போயிருந்ததை அவரே சொன்னார்.

உள்நாட்டில் செம்மண்ணிலும் கரட்டிலும் உப்பும் கரியும் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. மண்ணின் தடையைக் குறைக்க உப்பு, ஈரத்தைப் பிடித்துவைக்கக் கரி. இங்கே மேலே இருக்கும் காய்ந்த மணல் மின்சாரத்தை விடாது என்பது உண்மை. ஆனால் ஆழம் போனால் நீரும் உப்பும் தாமாகவே இருக்கின்றன. கரியோ துத்தநாகப் பூச்சோடு நேரே ஒட்டி ஈரத்தில் கிடந்தால் அந்தப் பூச்சை இன்னும் சீக்கிரம் அரிக்கும். எனவே செம்பு பூசிய 3 மீட்டர் ராடு, சுற்றிலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண் என்று முடிவு செய்தோம். ராடோடு ஒயர் சேரும் இடத்தில் கிளாம்ப் மட்டும் போட்டால் அதன் இடுக்கில் உப்பு உட்காரும், அதனால் கிளாம்ப் மேல் கிரீஸ் தடவி டேப் சுற்றினோம். மேலே மூடி போட்ட சேம்பர். வருஷா வருஷம் திறந்து பார்க்கலாம்.

அளந்ததில் 5 ஓம் வந்தது. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல அளவுதான், ஆனால் அதை மட்டும் நம்பிவிட முடியாது. மெஷின் பாடியில் கரண்ட் இறங்கினால் 230 வோல்ட்டை 5 ஓமால் வகுத்து 46 ஆம்ப் ஓடும். அதிகக் கரண்ட் ஓடினால் லைனைத் துண்டிக்கும் சி வகை 32 ஆம்ப் எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் 5 முதல் 10 மடங்கு, அதாவது 160 முதல் 320 ஆம்ப் ஓட வேண்டும். 46 ஆம்பை அது பல நிமிடங்கள் சும்மா விட்டுவிடும். அதுவரை மெஷினைத் தொடுபவர் கதி? 30 மில்லி ஆம்ப் கசிந்தாலே லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். எர்த் நன்றாக இருக்கும் வீட்டுக்கு அது எதற்கு என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதியே காட்டிவிடுகிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

வயரிங். வீட்டு மீட்டர் பக்கத்திலிருந்து ஷெட்டுக்கு 20 மீட்டர் தூரம். 6 சதுர மி.மீ. செம்பு ஒயர் இழுத்தோம். 2.5 போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். வெல்டிங் செட் 20 ஆம்ப் இழுக்கும்போது போய் வரும் 40 மீட்டரில், 2.5-ல் ஏறக்குறைய 6 வோல்ட் குறையும், 6-ல் இரண்டரை வோல்ட்தான். சாயங்காலம் லைனிலேயே வோல்டேஜ் இறங்கிக் கிடக்கும் ஊரில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு வோல்ட்டும் மோட்டாருக்கு நல்லது. ஷெட்டுக்குள் லைட்டுக்கு 1.5, 16 ஆம்ப் பிளக்குகளுக்கு 2.5, வெல்டிங்குக்குத் தனியாக 4.

வெல்டிங்குக்கு 32 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் வைத்தேன். 3.15 மி.மீ. வெல்டிங் ராடை 100 ஆம்பில் எரித்தால் லைனிலிருந்து 16 ஆம்புக்கு மேல் இழுக்கிறது, சாதாரண பவர் பிளக் சூடாகி உருகும்.

எம்.சி.பி.கள் உட்காரும் டி.பி. பாக்ஸ் தகரத்தில் வேண்டவே வேண்டாம் என்று பிளாஸ்டிக்கில், ரப்பர் கேஸ்கெட் உள்ளதாக ராமநாதபுரத்திலிருந்து வாங்கி வந்தோம். பைப் எல்லாம் பி.வி.சி. ஒயர் நுழையும் இடம் எல்லாமே பெட்டியின் அடிப்பக்கம், ஒயரைச் சுற்றி இறுக்கும் கிளாண்ட் போட்டு. மேலே துளை போட்டால் கூரையில் வியர்க்கும் நீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். ஒயர் முனைகளுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு லக்ஸ். திருகு, கிளிப் எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, ஆனால் மாலிப்டினம் சேர்ந்த 316-தான் உப்பைத் தாங்கும். 304-ல் கொஞ்ச நாளில் டீக்கறை மாதிரி பழுப்பு படர்ந்துவிடும்.

கூடுதல் லோடுக்கு மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒர்க் பெஞ்ச். மச்சான் ஒரு பழைய வள்ளத்துப் பலகைகளைக் கொண்டுவந்து இறக்கினார். பார்க்க அழகான மரம், உளி பட்டால் மணக்கிறது. இருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. வருஷக்கணக்கில் கடலைக் குடித்த பலகை. உப்பு உள்ளே இருக்கும்வரை அது காயாது, மேலே வைக்கும் உளியும் இழைப்புளியும் துருப்பிடிக்கும். மச்சானுக்கு வருத்தம்தான். தோட்டத்து வேலிக்கு வைத்துக்கொண்டேன். பெஞ்சுக்கு மேல்பலகை நன்றாக உலர்ந்த வேம்பு.

கால்களுக்கு இரும்புச் சட்டம். போல்ட் போட்டு இணைத்தால் பிரித்து மாற்றலாம் என்று முதலில் நினைப்பு ஓடியது. பாம்பனைத் தாண்டி ராமநாதபுரம் போய் வரும்போதெல்லாம் புதிய ரயில் பாலத்தைப் பார்க்கிறேன். 1914-ல் திறந்த பழைய பாலம் உப்போடு போராடியது ஊருக்கே தெரியும், துரு தட்டுவதும் பெயின்ட் அடிப்பதுமாகவே அதன் காலம் போனது. இந்த ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்திருக்கிறார்கள், கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மேலே பாலிசிலாக்ஸேன் பெயின்ட். இரண்டு தகடு சேரும் இடுக்குதான் உப்புக்கு வீடு. நானும் என் சட்டத்தை இடுக்கு விடாமல் சுற்றிலும் வெல்டிங் செய்தேன், பைப் வாய்களைத் தகடு வைத்து அடைத்தேன். எபாக்ஸி பிரைமர் அடிக்கும் முன் நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்தேன். உப்பின் மேல் பெயின்ட் அடித்தால் அது கொப்புளமாக எழும்பும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கூரை ஷீட்டின் மேல் வெள்ளை ரிஃப்ளெக்டிவ் பெயின்ட் இரண்டு கோட். நடுப்பகலில் உள்ளே நிற்க முடிகிறது. பனை ஓலை வேய்ந்தால் இதைவிடக் குளிர்ச்சி, ஆனால் கீழே வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் ஓலைக்கு இடமில்லை.

ஜன்னலைத் திறந்தால் உப்பு, மூடினால் வேக்காடு. வேலை செய்யும்போது திறப்பது, முடிந்ததும் கருவிகளைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு மூடுவது என்று பழக்கப்படுத்திக்கொள்கிறோம்.

அக்டோபர் 26, ஞாயிறு

பருவமழை பிடித்துவிட்டது. வாடை திரும்பியிருக்கிறது.

கருவி அலமாரிக்குச் சூடு போட்டேன். "இந்த ஊரில் போய்ச் சூடா?" என்று வீட்டில் ஆச்சரியப்பட்டார்கள். சூடு மனிதருக்கு வேண்டாம், இரும்புக்கு வேண்டும். 28 டிகிரியில் 85 சதவீதம் ஈரம் உள்ள அதே காற்றை 33 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 64 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நீரை வெளியேற்றவே வேண்டியதில்லை, ஐந்து டிகிரி போதும். அலமாரியின் அடித்தட்டில் பீங்கான் ஹோல்டரில் 40 வாட் குண்டு பல்பு, சுற்றிக் கம்பி வலைக் கூண்டு, மேல் தட்டுகளில் காற்று ஏறத் துளைகள். எல்.இ.டி. இதற்கு ஆகாது, அதில் சூடு போதாது. எண்ணெய்த் துணி, தின்னர் டப்பா எதுவும் அந்த அலமாரிப் பக்கமே வரக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நாள் முழுக்க எரிந்தாலும் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவுதான். இரவும் மழை நாளும் மட்டும் என்றால் பாதி.

மெக்னீசியம் உப்பை இந்தச் சூடு காயவைக்காது. அதற்குக் கழுவுவது ஒன்றே வழி. குடிக்கிற தண்ணீரையே கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் ஊரில் உளி கழுவ நல்ல தண்ணீரா என்று மனம் கேட்கத்தான் செய்கிறது. ஈரத்துணியைப் பிழிந்து துடைக்க அரைச் சொம்பு போதும். துடைத்து, காயவைத்து, மெஷின் ஆயில் ஒரு பூச்சு, அப்புறம் அலமாரி.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்று இரவு மழையில் ஆர்.சி.சி.பி. விழுந்துவிட்டது. தூக்கினால் நிற்கவில்லை. மகள் எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்கி, ஒவ்வொன்றாக ஏற்றினாள். வெளி லைட் லைனை ஏற்றியதும் விழுந்தது. அதில் நியூட்ரலிலும் கசிவு இருக்கலாம் என்று அந்த லைனின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டாள். மீதி எல்லாம் நின்றது, நான் உள்ளே வேலையைத் தொடர்ந்தேன்.

காலையில் வெளி லைட்டைத் திறந்து பார்த்தோம். வாடை மழையைப் படுக்கைவசமாக அடித்து, கண்ணாடி ஓரமாக நீர் ஏறியிருக்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கிறது. விளக்கைத் தெற்குச் சுவருக்கு, இறவாணத்துக்கு அடியில் மாற்றினோம். ஒயரை விளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுத்தான் மேலே ஏற்றியிருக்கிறோம், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மெகரில் அந்த லைன் இப்போது 20 மெகா ஓமுக்கு மேல் காட்டுகிறது.

மச்சானின் வள்ளத்துச் சுக்கான் கீல் பெஞ்சில் கிடக்கிறது. செவ்வாய்க்குள் வேண்டுமாம்.