துப்பாக்கிக் கடையில் பழைய முகவரி
வீடு மாறி மூன்று மாதம் ஆகியும் ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்றாமல் விட்டது என் சோம்பல்தான். அமெரிக்காவில் கடையில் துப்பாக்கி வாங்க 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். புகைப்படமும் இப்போது குடியிருக்கும் முகவரியும் உள்ள அரசு அடையாள அட்டையும் வேண்டும்.

முதல் கடைக்காரர் என் உரிமத்தைப் பார்த்துவிட்டு, "செல்லாது" என்று மேசைமேல் தள்ளினார். வேறு என்ன கொண்டுவரலாம் என்று கேட்டால், அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்! மறுத்ததில் எனக்குக் கோபமில்லை. தவறாக விற்றால் அவருடைய விற்பனை உரிமத்துக்கே ஆபத்து. ஆனால் அந்த முகம் இருக்கிறதே...

இரண்டாவது கடையில் ஒரு அம்மா, "காரின் பதிவுச் சான்றில் புது முகவரி இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது, அதுவும் வாசலில் நின்ற காருக்குள்ளேயே! அதுவும் அரசு தந்த ஆவணம் என்பதால், உரிமத்தோடு சேர்த்துக் காட்டலாமாம். அப்புறம் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனை. 1998 முதல் உள்ள நடைமுறை. சில நிமிடங்களில் சரி என்று பதில் வந்துவிட்டது.

உரிமத்தில் முகவரியை இன்னும் மாற்றவில்லை. திட்டாதீர்கள்.