தாத்தா பால் மரம் சீவினாரா, கரி வெட்டினாரா?

தாத்தாவின் முதுகில் ஒரு வடு இருந்ததாம். 1937 மார்ச்சில் மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது போலீஸ்காரன் அடித்தது என்று எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். நான் பிறப்பதற்கு முன்பே தாத்தா போய்விட்டார். அந்த வேலைநிறுத்தம் நடந்தது உண்மை. ஆயிரக்கணக்கானவர்கள் சுரங்கத்தையே கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் உள்ளே புகுந்துதான் முடித்து வைத்தது. ஆனால் தாத்தா அங்கே இருந்தாரா என்பதற்குத் தாளில் ஆதாரம் வேண்டும் என்று ஒருநாள் தோன்றிவிட்டது. அந்த ஆசை ஒன்றரை வருடத்தைத் தின்றது.

முதலில் இறப்புச் சான்றிதழ். தாத்தா இறந்தது 1971. விண்ணப்பத்தைக் கொடுத்ததும் கவுண்டரில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "ஐசி நம்பர்?" தாத்தாவின் அடையாள அட்டை எண் தெரிந்தால் நான் ஏன் வருகிறேன்? அடுத்தது, "நீங்கள் பேரன் என்பதற்கு அத்தாட்சி?" அப்பாவின் பிறப்புச் சான்றிதழை நீட்டினேன். அவர் கணினியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், "பெயர் வேற" என்று திருப்பித் தள்ளிவிட்டார்.

வேறுதான். தாத்தாவின் பெயரில் ஒரு 'ழ' உண்டு. அப்பாவின் தாளில் அதை 'எல்' போட்டு எழுதியிருந்தார்கள், இறப்புப் பதிவில் 'ஒய்' போட்டு. அவரவர் காதில் விழுந்தது அவரவர் எழுத்து. இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வரச் சொன்னார்கள். கொண்டுபோன நாள் வெள்ளிக்கிழமை. மதியம் 12.15க்கு மூடினால் 2.45க்குத்தான் திறப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் 12.30க்குப் போய் நின்றேன். கோப்பிக் கடையில் இரண்டு மணி நேரம்.

சான்றிதழ் வந்தது. தொழில் கட்டத்தில் ஒரு கோடு மட்டும்.

அடுத்து, 1938இல் பிறந்த மூத்த அத்தையின் பிறப்புப் பதிவுக்கு நகல் கேட்டேன். இங்கேதான் பெரிய தவறு செய்தேன். கிடைத்த கணினி நகலில் தகப்பனார் பெயர் இருந்தது, தொழில் இல்லை. பழைய பதிவில் எழுதியது எல்லாமே நகலில் ஏறும் என்று நினைத்துவிடாதீர்கள். மூலத்தாள் வீட்டில் எங்கேயாவது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அது அத்தை வீட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால், ரவாங்கில், என் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருந்தது.

அத்தை அதைப் பத்திரமாக லேமினேட் பண்ணி வைத்திருந்தார். அந்தச் சூட்டில் மை பரவி, பின்பக்கம் ஒரே நீலக் கறை. நல்ல வேளையாக முன்பக்கம் தப்பியது. பிறந்த இடம்: ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டம். தகப்பன் தொழில்: பால் மரம் சீவுபவர்.

சுரங்கம் இல்லை.

அப்புறம் பழைய பத்திரிகைகளில் தேடினேன். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய மலாயாப் பத்திரிகைகளை இணையத்தில் போட்டிருக்கிறது, பெரும்பகுதி இலவசம். "பத்து ஆராங்" என்று தட்டினால் முதலில் வந்து விழுவதெல்லாம் சுரங்கத்தை நடத்திய மலாயன் கொலியரீஸ் கம்பெனியின் பங்கு விலையும் எத்தனை டன் கரி எடுத்தார்கள் என்ற கணக்கும்தான். விபத்துச் செய்திகளில் துரைக்குப் பெயர் இருக்கும்; நம்மவர் பெரும்பாலும் 'ஒரு தமிழ்க் கூலி'. ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். தாத்தா மாதிரி எத்தனையோ பேர் வந்தார்கள், தாத்தா மட்டும் வரவில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். அந்தக் காலத்துக் கிராணிகள் (எழுத்தர்கள்) சில இடங்களில் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்து அதன்கீழ் அகர வரிசையில் வைத்திருக்கிறார்கள். கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் எல்லா எழுத்துக்கூட்டலிலும் போட்டுப் பாருங்கள்.

ஆவணக் காப்பகத்துக்கும் போனேன். கோப்பு எண்ணை முன்கூட்டியே குறித்துக்கொள்ளாமல் போனதால் ஒருநாள் லீவு வீண். இரண்டாவது தடவை சுரங்கத்தைப் பற்றிய கடிதங்கள் கிடைத்தன. ஆள் பட்டியல் எதுவும் இல்லை.

பத்து ஆராங்குக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், மிச்சமிருக்கும் புகைபோக்கிகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கதையே பொய்யோ என்று முடிவுக்கு வந்திருந்த நேரத்தில், சித்தப்பா வீடு மாறினார். பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் போடவா என்று போன் பண்ணினார். "தொடாதீங்க" என்று நான் கத்திய கத்தில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. பெட்டியில் பாட்டியின் கண்டாங்கிச் சேலை, கோவில் ரசீதுகள், நான்காக மடித்து ஓரம் இற்றுப்போன ஒரு தாள். 1960இல் சுரங்கத்தை மூடியபோது கொடுத்த வேலை விடுவிப்புச் சான்றிதழ். ரயிலும் மின்நிலையங்களும் எண்ணெய்க்கு மாறிவிட்டதால் கரிக்கு வேலை இல்லாமல் போன வருடம் அது. தாத்தாவின் பெயர் மூன்றாவது விதமாக, 'ஆர்' போட்டு எழுதியிருந்தது. கீழே பழைய ஐசி நம்பர்! முதல்நாள் கவுண்டரில் கேட்டார்களே, அதே நம்பர். நிலத்தடிச் சுரங்கம் இல்லை, திறந்தவெளிச் சுரங்கப் பிரிவு. வேலையில் சேர்ந்தது 1946.

ஆக, தாத்தா கரி வெட்டியவர்தான். பதினான்கு வருடம். ஆனால் 1937இல் அங்கே இருந்ததற்குத் தாள் இல்லை. 1938இல் தோட்டத்தில் இருந்ததற்கு இருக்கிறது.

இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். ரவாங்குக்குப் போய், பசியாறிவிட்டு, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"சரிதானேய்யா. அடி வாங்கினதாலதான் தோட்டத்துக்கு ஓடினாரு. ஜப்பான்காரன் போனதும் திரும்பி வந்தாரு. இதுல உனக்கு என்ன குழப்பம்?"

எனக்குப் பதில் வரவில்லை. 1936க்கும் 1937க்கும் தாள் கிடைக்கிற வரை அத்தை சொல்வதை மறுக்கவும் முடியாது. கிளம்பும்போது விடுவிப்புச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு, "இத இங்கயே வச்சிட்டுப் போ, நாளைக்கு லேமினேட் பண்ணிடறேன்" என்றார்.

பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.