எந்த மூலக்கூறு எடை?

நாங்கள் பேட்டன்ட் கேட்டு விண்ணப்பித்தது பெயின்ட்டுக்கான பைண்டருக்கு, அதாவது நிறமியைப் பிடித்து ஒட்டவைக்கும் பொருளுக்கு. மெத்தில் மெத்தாக்ரிலேட், பியூட்டைல் அக்ரிலேட் என்ற இரண்டு மோனோமர்கள் (சிறு மூலக்கூறுகள்) சங்கிலியாகக் கோத்த கோபாலிமர். "மூலக்கூறு எடை 20,000 முதல் 40,000 வரை" என்று முதல் கிளெய்மில் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகத்தில்) எழுதியிருந்தோம். பேட்டன்ட் ஆபீஸ் எக்ஸாமினர் டி1 என்று காட்டிய பழைய பேட்டன்ட்டிலும் அதே இரண்டு மோனோமர், மூலக்கூறு எடை 30,000. புதுமை இல்லை என்று எழுதிவிட்டார். கீழே இன்னொரு ஆட்சேபம்: எந்த மூலக்கூறு எடை என்று சொல்லவில்லை, தெளிவில்லை.

பதில் கொடுக்க 6 மாதம். முதல் இரண்டு வாரம் கோபத்திலேயே போனது. தெளிவில்லை என்பதை வழக்கமாக எழுதுகிற வரி என்று ஒதுக்கிவிட்டேன். வழி அதில்தான் இருந்தது.

பாலிமரில் எல்லாச் சங்கிலியும் ஒரே நீளம் இருக்காது; சராசரிதான் சொல்ல முடியும். ஊரில் தலைக்கு எத்தனை ஏக்கர் என்று வகுப்பது ஒரு கணக்கு. கண்ணில் படுகிற ஏதோ ஒரு ஏக்கரில் நின்று, இதன் சொந்தக்காரருக்கு மொத்தம் எவ்வளவு நிலம் என்று கேட்பது வேறு கணக்கு. பண்ணையார் இருக்கிற ஊரில் இரண்டாவது எகிறிவிடும். முன்னது எம்.என். (எண்ணிக்கைச் சராசரி), பின்னது எம்.டபிள்யூ. (எடைச் சராசரி). அமெரிக்காவில் கோபாக்சோன் என்ற மருந்தின் பேட்டன்ட் வழக்கு இதே சொல்லில் சிக்கி, 2015-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பி, கிளெய்ம் தெளிவில்லை என்று விழுந்தது. ஜூனியர்களுக்கு நானே சொல்லும் கதை!

டி1-ன் உதாரணத்தை லேபில் அப்படியே செய்து பார்க்கச் சொன்னேன். ஜி.பி.சி. (சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட் வந்தது: எம்.என். 29,400, எம்.டபிள்யூ. 61,800. டி1 சொன்ன 30,000 எம்.என்.தான். எங்களுடையது எம்.டபிள்யூ. 34,000. எம்.டபிள்யூ. கணக்கில் டி1 எங்கள் வரம்புக்கு வெளியே. மோனோமரை ஒரேயடியாகக் கொட்டாமல் 4 மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டதன் பலன். பிசுக்குத்தன்மை குறைவு, தின்னரும் குறைவாகவே போதும்.

கிளெய்மில் எம்.டபிள்யூ. என்று சேர்த்துத் திருத்த, பேட்டன்ட் சட்டத்தின் 59வது பிரிவு குறுக்கே நின்றது. முதலில் தாக்கல் செய்ததில் இல்லாததை இப்போது நுழைக்க முடியாது. விண்ணப்பத்தோடு கொடுத்த விவரக்குறிப்பை மூன்று முறை புரட்டினேன். 14ஆம் பக்க அட்டவணையில், ஒரு நெடுவரிசையின் தலைப்பில் மட்டும், "எம்.டபிள்யூ., பாலிஸ்டைரீன் ஸ்டாண்டர்டு" என்று இருந்தது. லேபில் யாரோ பழக்கதோஷத்தில் அடித்தது.

வீடியோ ஹியரிங்கில் முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் டி1 பற்றி அதிகம் கேட்கவில்லை. "திருத்தத்துக்கு ஆதாரம் எங்கே?" என்றார். பக்கத்தைச் சொன்னேன். அவர் புரட்டும் சத்தம் கேட்டது. "சரி, எழுத்துப்பூர்வமாக 15 நாளில் கொடுங்கள்" என்றார். பத்தாம் நாளே கொடுத்துவிட்டோம்.