உத்தர சுவாமிமலையில் ஓர் ஆடிக் கிருத்திகை

தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் குன்றின்மேல் நிற்கும் உத்தர சுவாமிமலைக்கு, தில்லித் தமிழர் வழக்கில் மலை மந்திருக்கு, சென்ற ஆடிக் கிருத்திகையன்று மகளோடு போயிருந்தேன். வழியிலேயே அவள் கேட்டாள்: "அப்பா, சந்தோஷமா இருக்கத்தானே வாழறோம்? அதைத் தேடிப் போறதுல என்ன தப்பு?" உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை.

1973-இல் குடமுழுக்குக் கண்ட இக்கோயிலில், தந்தைக்கே பிரணவப் பொருள் உரைத்த சுவாமிநாதனாக முருகன் நிற்கிறான். மழை நனைத்த படிகளில் ஏறிச் சென்றபோது அபிஷேகம் தொடங்கியிருந்தது. பால் வழிந்தது; பஞ்சாமிர்தம் வழிந்தது; பிறகு அரைத்த சந்தனத்தைத் திருமேனி முழுதும் சாத்தியபோது, கூட்டத்தின் வியர்வையையும் கற்பூரப் புகையையும் மீறி அந்தக் குளிர்ந்த மணம் எங்களிடம் வந்து சேர்ந்தது. கண்ணுக்குத் தீபம், காதுக்கு நாகசுரம், நாவுக்குப் பஞ்சாமிர்தம் என்று ஐம்புலனையும் அழைத்து உபசரிக்கும் சந்நிதியில் நின்றுகொண்டு இன்பம் இழிவானது என்று யாரும் சொல்லிவிட முடியாது. வள்ளுவரும் இன்பத்துக்கென்று 250 குறளை ஒதுக்கியவர்தாம். ஆனால் அவரே "அறத்தான் வருவதே இன்பம்" என்று முன்னரே எல்லை கட்டியும் வைத்தார்.

மண்டபத்தில் சிலர் திருப்புகழ் பாடிக்கொண்டிருந்தார்கள். சிற்றின்பத்தின் பின்னே ஓடி, உடலும் பொருளும் கரைந்து, திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழுந்த அருணகிரிநாதரை முருகன் தாங்கிக்கொண்டான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அப்படி மீண்டவர் சுவையை வெறுத்துவிட்டாரா என்றால், இல்லை. நாவைத் துள்ள வைக்கும் அந்தச் சந்தங்களைச் சுவை அறியாத ஒருவரால் கட்டியிருக்கவே முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஓட்டம்தான் நின்றது, சுவை நிற்கவில்லை.

தீபாராதனை முடிந்து பிராகாரத்தில் அமர்ந்தபோது, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை மகளிடம் சொன்னேன். அப்பா படுக்கையில் விழுந்த ஆண்டு, வேலையின் களைப்புக்கு மாற்றென்று எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டு, நண்பர்களோடு புத்தாண்டுக்குக் கோவா போனேன். கடலும் விருந்தும் குறைவில்லாமல் இருந்தன. இன்று அவற்றில் ஒன்றுகூட நினைவில் இல்லை. திரும்பி வந்த இரவு, ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து நானே அவருக்கு ஊட்டினேன். முதல் வாய் இறங்கியதும் அவர் கண்ணை மூடி, சற்று நேரம் கழித்துத் திறந்து, இன்னும் கொடு என்பதுபோல் வாயைத் திறந்தார். இன்பத்தைத் தேடி நான் அந்தக் கட்டிலருகே போகவில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் கழித்தும், இன்பம் என்ற சொல்லைக் கேட்டால் என் விரல்களில் அந்தச் சாதத்தின் சூடுதான் வருகிறது. தேடிப் போனதற்காக அல்ல, தேடிப் போனபோது அவரை விட்டுப் போனதற்காகவே இன்றும் நெஞ்சு உறுத்துகிறது. அவளுடைய கேள்விக்கு என்னிடமிருந்த பதில் அவ்வளவுதான்.

அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. இலையில் மடித்த விபூதியைக் கையில் பொத்திக்கொண்டு படியிறங்கும்போது கேட்டாள்: "தாத்தா ரசத்துக்கு நெய் ஊத்திப்பாரா?"

"ஒரு துளிதான். மிளகு தூக்கலா இருக்கணும்."