வின்னிபெக் குளிரும் ஒரு தெர்மிஸ்டரும்

கனடாவின் வின்னிபெக்கில் டிசம்பர் கடைசியில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். வெளியே மைனஸ் 20, 25 என்று போகும்போது பிள்ளைகளை எவ்வளவு நேரம் விளையாட விட முடியும்? சரி, அந்தக் குளிரை வைத்தே ஏதாவது செய்யலாம் என்று சாப்பாட்டு மேசையில் கம்பிகளைப் பரப்பிவிட்டோம்.

சின்னவனுக்கு ஆறு வயது. அவனுக்கு மாவு சர்க்யூட். பக்கத்து அமெரிக்க மாநிலமான மினசோட்டாவின் செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகத்தில் உருவான யோசனை இது. மைதாவில் நிறைய உப்பு, எலுமிச்சைச் சாறு, எண்ணெய், தண்ணீர் சேர்த்து அடுப்பில் கிண்டினால் மின்சாரம் கடத்தும் மாவு தயார். இரண்டு உருண்டை, எல்இடிக்கு இரண்டு கால், நீளமான கால் பிளஸ் பக்கம். உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டால் விளக்கு அணைந்துவிடும். ஷார்ட் சர்க்யூட்டைப் புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நாலு ஏஏ பேட்டரியும் திருகு போட்டு மூடும் பெட்டிக்குள். பட்டன் பேட்டரிக்கு எங்கள் மேசையில் இடமில்லை. குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியது அது.

மகளுடைய வேலைதான் பெரியது: ஜன்னல் தெர்மாமீட்டர். மைக்ரோபிட் என்ற, பிள்ளைகளுக்கான சின்னக் கணினிப் பலகையிலேயே வெப்பநிலை பார்க்கலாம், ஆனால் அது தன் சிப்பின் சூட்டைத்தான் சொல்லும். அதனால் வெப்பநிலைக்கு ஏற்ப மின்தடை மாறும் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் ஒன்றை நீளமான மெல்லிய வயரில் கட்டி, ஜன்னல் ரப்பர் வழியாக வெளியே விட்டோம். அதோடு தொடராக ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், இரண்டும் சேரும் நடுவிலிருந்து மைக்ரோபிட்டின் ‘பின் 0’ (pin 0) என்ற முனைக்குக் கவ்விப் பிடிக்கும் க்ரோக்கடைல் கிளிப். குளிர் கூடக் கூட தெர்மிஸ்டரின் மின்தடை ஏறும், மைக்ரோபிட் காட்டும் எண் இறங்கும். அறைக்குள் 460ஐ ஒட்டி நின்றது. ஐஸ் தண்ணீரில் 235 பக்கம். ஜன்னலுக்கு வெளியே 90க்கும் கீழே! மைனஸ் 20ல் மின்தடை 1 லட்சம் ஓம் அளவுக்குப் போய்விடுகிறது. எண் சீராக இறங்காததால் நேர்கோடு போட்டு டிகிரியாக மாற்ற முடியாது. மகள் வானிலை அறிக்கையைப் பார்த்துப் பார்த்து அட்டவணை போடுகிறாள். 70க்குக் கீழே போனால் பலகையில் மண்டையோடு தெரிய வேண்டுமாம்.

ஒரு முன்னெச்சரிக்கை. ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு கிடக்கும். கம்பளத்தில் நடந்து வந்து எதைத் தொட்டாலும் ஷாக். பலகையைத் தொடுமுன் உலோகக் குழாயைத் தொட்டு அந்த மின்சாரத்தை இறக்கிவிடுவது என்று வீட்டில் சட்டம்.

அப்புறம், ஒரே மாதிரி இரண்டு பேட்டரியில் ஒன்றை இரவு முழுக்க பால்கனியில் வைத்தோம். காலையில் டார்ச் மங்கல். உள்ளே சூடானதும் பழையபடி எரிந்தது. குளிரில் ரசாயன வினை மந்தமாகிறது, அவ்வளவுதான். காரையும் இதற்குத்தான் பிளக்கில் சொருகுகிறோமா என்று மகள் கேட்டாள். இல்லை, அது எஞ்சினைச் சூடாக வைக்கும் ஹீட்டருக்கு.

அடுத்து சால்டரிங், அதாவது உலோகத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைப்பது. புகை போக ஜன்னல் திறக்க வேண்டும், அதனால் ஏப்ரல் வரை கம்பிகளைத் துளைகளில் சொருகி இணைக்கும் பிரெட்போர்டுதான்.